ஆண்களே இல்லாத ஊர்

"இருமுனது யாரு? மொதல்ல அதைச் சொல்லு. பொம்பள இருமல் எனக்குத் தெரியாதா? அது நெஞ்சு பெருத்த ஆம்பள இருமல்!"

சாவிக்காரர் இப்படிக் கத்தியது கடைத்தெருவின் நட்ட நடுவில், ஒரு கையில் அரமும் மறு கையில் கைபேசியுமாக. பூட்டைத் திறக்கக் கொண்டுவந்திருந்த பெரியவர் இரண்டடி பின்வாங்கினார். கடலுக்கு அப்பால் இருந்த மனைவி அசரவில்லை.

"வீட்டுக்கார அம்மாதாங்க இருமுறாங்க. வயசானவங்க. வேணும்னா கூப்பிட்டு இன்னொரு தடவை இருமச் சொல்லவா?"

"சொல்லு."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் போய்த் திரும்பி வந்தது.

"அவங்க தூங்கிட்டாங்க."

"இருமிக்கிட்டேயா?"

அதற்குமேல் அவளுக்கும் பொறுக்கவில்லை. "இங்க பாருங்க. அடுத்த வாரம் உங்களுக்கு விசா இன்டர்வியூ. கிடைச்சா பெட்டியக் கட்டிக்கிட்டு வந்து சேருங்க. பக்கத்துலயே உக்காந்து எவன் இருமுறான், எவ தும்முறான்னு கணக்கெடுங்க. கிடைக்கலையா, என்னை விட்டுடுங்க. இந்தப் போன் குடும்பம் எனக்குப் போதும்." பேச்சு அறுந்தது.

சாவிக்காரர் கைபேசியைப் பார்த்தார். பிறகு பெரியவரைப் பார்த்து, "கேட்டீங்களா, தூங்கிட்டாங்களாம்" என்றார், அவர்தான் பக்கத்தில் படுத்திருந்து சாட்சி சொல்ல வேண்டும் என்பது போல.

நாற்பதைத் தொட்ட வயது. அரத்தில் உதிரும் பித்தளைத் தூள் புருவத்தில் ஒட்டி, வெயில் பட்டால் புருவம் மின்னும். கடை என்று சொன்னால் மற்ற கடைகள் கோபித்துக்கொள்ளும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, ஆள் பக்கவாட்டில் மட்டும் நுழையக்கூடிய ஓர் இடுக்கு. ஒரு பலகை, சாவியை இறுக்கிப் பிடிக்க ஒரு வைஸ், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள். திறக்க மறுக்கிற பூட்டோடு பேசுவது அவர் பழக்கம். "என்கிட்ட மட்டும் வாயத் தொறக்க மாட்டியா? நேத்து எவனுக்குத் தொறந்தே? சொல்லுடி" என்று அதட்டுவார். பூட்டுக்காரர்கள் கேட்டும் கேளாதது போல ஆகாயத்தைப் பார்ப்பார்கள்.

கணவனின் அலமாரிச் சாவியைக் குளிக்கிற சோப்பில் அமுக்கி அச்செடுத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வருகிற பெண்கள் உண்டு. அவர்களுக்குச் சாவி வெட்டித் தர மாட்டார். புத்திதான் சொல்வார். "சந்தேகம் வந்துட்டா குடும்பம் குடும்பமாவாம்மா இருக்கும்? நம்பணும். நம்பினாத்தான் வாழ்க்கை." அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தெருமுனை திரும்புவதற்குள், "மணி என்னாச்சு, இன்னும் ரூமுக்குப் போகலையா? கூட யாரு?" என்று கைபேசியில் ஆரம்பித்திருப்பார். எதிர் டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவியபடியே, "அண்ணே, அந்தம்மாவக் கூப்பிடட்டா? பாதி உபதேசத்துல போயிட்டாங்க" என்பார்.

பொறாமை சிலருக்குக் காய்ச்சல் மாதிரி, வரும், போகும். இவருக்கு அது மூக்கு மாதிரி, முகத்தோடு வந்தது. மனைவிக்குப் பல் பிடுங்கிய டாக்டர் மீது பொறாமை: "ஒரு பல்லுக்கு அவ்வளவு நேரமா வாயைப் பாப்பான்?" தொலைக்காட்சியில் மழை வரும் என்று சொன்னவன் மீது பொறாமை: "அவன் மழைன்னா நீ ஏன் சிரிக்கிறே?" அவள் ஒன்றும் உலக அழகி அல்ல. நெடுநெடுவென்று உயரம், கொஞ்சம் தூக்கிய முன்பல், கையை வீசிப்போட்டு நடக்கிற நடை. ஆனால் அவள் சிரித்தால் எதிரில் இருப்பவனும் காரணம் தெரியாமல் சிரித்துவிடுவான். கடைக்காரன் தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்துவிட்ட சில்லறை போல அந்தச் சிரிப்பு தன் கைக்கு வந்துவிட்டது என்று சாவிக்காரர் நினைத்தார். எந்த நேரமும் எவனாவது ஓடிவந்து, "அது என்னுடையது, கொடு" என்று கேட்டுவிடுவான். அந்தப் பயம்தான் அவரைத் தின்றது.

கல்யாணத்தன்றே தொடங்கியது. படம் எடுக்க வந்தவன் நாலு படம்தான் எடுத்திருப்பான். பெண் தலை குனிந்தே இருக்கிறாள் என்று இரண்டு விரலால் அவள் முகவாயைத் தொட்டு நிமிர்த்தினான். மாப்பிள்ளை எழுந்து அவன் காமிரா வாரைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். "முகவாய அவ அப்பாரே தொட்டதில்ல. நீ யாருடா தொட?" அதற்குப் பிறகு படம் எடுக்க ஆளில்லை. கல்யாணத்துக்கு அத்தாட்சி அந்த நாலு படம். நாலில் ஒன்றில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருக்கிறார்.

இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள் சாவிக்காரரின் அக்கா. இளம் வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். எழுதப் படிக்கத் தெரியாது. பேச மட்டும் தெரியும். "ஊருல ஆம்பளைங்க எல்லாம் வேலை வெட்டிய விட்டுட்டு உன் பொண்டாட்டி பின்னாலயா திரியுறான்? அவ மூஞ்சிய நீ பாத்தியா, கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்தியா? பாத்தா அவதான்டா சந்தேகப்படணும், இவனப் போய் ஏன் கட்டினோம்னு" என்பாள்.

மனைவிக்கு வெளிநாட்டில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்தபோது, சாவிக்காரர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு பதிலால். "அங்க கூட வேலை செய்யுறவங்க யாரு?" "எல்லாம் பொம்பளைங்கதான்." அன்று முதல் மாலை தவறாமல் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக் கேட்டு, தான் பார்த்தே இராத அந்த ஊரை மனசுக்குள் கட்டி முடித்தார். வீட்டுக்காரர் ஒரு கிழவி. பஸ் ஓட்டுபவர் ஒரு பெண். மேலாளர் பெண். மளிகைக் கடையில் பெண். தபால் கொண்டுவருவதுகூடப் பெண். ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்பார்; பதில் மாறாது. மாறாத பதில் உண்மையான பதில் என்பது அவர் தீர்மானம்.

"நல்ல ஊருப்பா. ஆம்பள வாடையே கிடையாது" என்று டீக்கடைக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"அப்ப அங்க பிள்ளைங்க எப்படிண்ணே பொறக்குது?"

ஒரு வாரம் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை.

தூதரகத்துக்குப் போன அன்று புதுச் சட்டை. அக்கா துணைக்கு வந்தாள். "மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கே. வாயத் தொறக்காத வரைக்கும்" என்று சொல்லி, உள்ளே அனுமதிக்காத கைபேசியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரில் இருந்த பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்தாள்.

வாசலிலேயே தடங்கல். சோதனை வளைவைத் தாண்டும்போதெல்லாம் அது அலறியது. பெல்ட்டைக் கழற்றினார். செருப்பைக் கழற்றினார். அப்புறமும் அலறியது. கடைசியில் காவலாளி கால்சட்டையின் மடிப்பைப் பிரித்து உதறச் சொன்னார். பித்தளைத் துருவல் பளபளவென்று தரையில் கொட்டியது. "என்னய்யா, தங்கமா?" என்றார் காவலாளி. "தங்கமா இருந்தா நான் ஏங்க இங்க வந்து நிக்கிறேன்?"

உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள். எதிரே கண்ணாடிச் சன்னல்கள். சன்னலுக்குச் சன்னல் ஒலிபெருக்கி. ஒரு குடும்பத்தின் ரகசியம் இருபது குடும்பத்துக்குக் கேட்கும். பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண் மடி கொள்ளாத ஆல்பம் வைத்திருந்தாள். அவளும் புருஷனும் கடற்கரையில், மலையில், மாடிப்படியில், கார் முன்னால், கார் இல்லாத இடத்தில். புரட்டப் புரட்டச் சாவிக்காரருக்கு வயிறு எரிந்தது.

"உங்களுக்கு எத்தனை அங்கிள்?"

"நாலு."

"நாலு ஆல்பமா!"

"நாலு போட்டோ."

அவள் ஆல்பத்தை மெதுவாக மூடினாள், பசித்தவன் எதிரில் சோற்றுப் பாத்திரத்தை மூடுவது போல. அப்படி இரக்கப்பட்டதற்கு அவள் சிரித்தே இருக்கலாம்.

அவருடைய எண் வந்தது. கண்ணாடிக்கு அப்பால் அதிகாரி, ஐம்பது வயதைத் தாண்டிய வெளிநாட்டுக்காரர். மனைவி வேலை பார்க்கிற அதே நாட்டுக்காரர். பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு பெண், பேச்சை மாற்றிச் சொல்ல. அதிகாரி கோப்பைத் திறந்து மனைவியின் படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு படத்தை இவ்வளவு நேரமா பார்ப்பான் மனுஷன் என்று சாவிக்காரருக்குக் காது சூடானது. அக்கா சொன்னதை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"கல்யாண போட்டோ நாலுதான் இருக்கு. ஏன்னு கேக்குறாரு" என்றாள் அந்தப் பெண்.

"போட்டோக்காரருக்கு உடம்பு முடியல. பாதியில போயிட்டாரு."

அதிகாரி எதையோ குறித்துக்கொண்டார்.

"உங்க மனைவி எங்க தங்கியிருக்காங்க? யாரோட வீடு?"

சாவிக்காரருக்கு மூச்சு திரும்பி வந்தது. இது தினமும் மாலை படித்த பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த ஊரில் நடந்து போய்விடுவார். "ஒரு வயசான அம்மா வீடுங்க. மாடி ரூம்பு. அந்தம்மாவுக்கு இருமல் உண்டு."

அதிகாரி கோப்பைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"வேலைக்கு எப்படிப் போறாங்க?"

"பஸ்ஸு. ஓட்டுறது ஒரு பொம்பளைங்க. நல்ல மாதிரி."

"வேலை செய்யுற இடத்துல எத்தனை ஆண்களைப் பாத்துக்கிறாங்க, எத்தனை பெண்களை?"

"ஆம்பளைங்களே கிடையாதுங்க. எல்லாம் கிழவிங்க."

"முதியோர் இல்லத்துல ஒரு தாத்தாகூட இல்லையா?"

"அந்த நாட்டுல ஆம்பளைங்க சீக்கிரமே செத்துப்போயிடுவாங்களாம். குளிரு தாங்காதாம்."

மாற்றிச் சொல்ல வேண்டிய பெண் வாயைத் திறந்து, மூடினாள். "அப்படியே சொல்லட்டுமாங்க?"

"சொல்லுங்கம்மா. உள்ளதுதானே?"

அவள் சொன்னாள். குளிர் தாங்கி ஐம்பதைத் தாண்டியிருந்த அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நீளமாக ஏதோ பேசினார். குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாததுதான் பயமாக இருந்தது.

"உங்க மனைவி குடுத்த விவரத்தோட நீங்க சொன்னது ஒண்ணுகூட ஒத்துப்போகலை. அவங்களை உங்களுக்கு உண்மையிலேயே தெரியுமான்னு கேக்குறாரு. விசாவுக்காகப் பண்ணின கல்யாணம் மாதிரி தெரியுதுன்னு சொல்றாரு."

சாவிக்காரருக்குப் போனில் மனைவி சொன்னதுதான் காதில் விழுந்தது. 'கிடைக்கலையா, என்னை விட்டுடுங்க.' அவ்வளவுதான். போய்விட்டாள்.

அதிகாரி ஒரு படத்தை எடுத்துக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார். மனைவியே அங்கிருந்து அனுப்பிய படமாம். இவர் பார்த்திராதது. ஒரு சமையலறை. மேசையில் கேக். நடுவில் அவள், முன்பல் தெரிய, கண் சுருங்க, முழுச் சிரிப்பு. அவள் தோளில் கை போட்டுக்கொண்டு வழுக்கைத் தலையும் தொந்தியுமாக ஒரு கிழவர். பின்னால் பஸ் கம்பெனிச் சட்டையில் பனைமரம் போல ஒருவன். சக்கர நாற்காலியில் காகிதத் தொப்பி போட்ட ஒரு தாத்தா. கதவோரம் தபால் பையோடு இன்னொருவன். அந்த ஊரில் இருக்கவே இருக்காத ஆண்கள் எல்லாரும் ஒரே அறையில் நின்று கேக் தின்றுகொண்டிருந்தார்கள்.

"யாரு இவன்?"

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"யாருங்க இந்த மொட்டையன்? கைய எங்க வச்சிருக்கான் பாருங்க!" சாவிக்காரர் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியை அறைந்தார். "இதப் பாத்துட்டு நீங்க சும்மாவா உக்காந்திருந்தீங்க? எப்ப எடுத்தது? எடுத்தவன் யாரு? அவனும் ஆம்பளதானே? அந்த நெட்டையன் ஏன் அவ தலைக்குப் பின்னாடி நிக்கிறான்? இடமா இல்ல அங்க?"

பேச்சை மாற்றிச் சொல்கிற பெண் பாதியில் விட்டுவிட்டாள். காவலாளி இரண்டு எட்டு முன்னால் வந்தார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"இந்தச் சிரிப்ப நான் பாத்தே எத்தனை காலமாச்சு தெரியுமா" என்றார் சாவிக்காரர். அது யாரையும் பார்த்துச் சொன்னதல்ல. சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒலிபெருக்கி கொரகொரத்தது. "இவர்தான் வீட்டுச் சொந்தக்காரராம். அன்னைக்கு அவருக்குப் பிறந்தநாளாம். உங்க மனைவி உங்ககிட்ட ஏன் வேற மாதிரி சொன்னாங்கன்னு கேக்குறாரு."

சாவிக்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா நான் பிடுங்கி எடுத்துடுவேன்னுதாங்க." பிறகு, கேட்காமலேயே, "போட்டோக்காரனுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் வெரட்டிட்டேன். அவ முகவாயத் தொட்டான்."

பெண் அதை ஒரு சொல்கூட விடாமல் மாற்றிச் சொன்னாள். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோப்பைப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க போனதும் மொதல்ல என்ன செய்வீங்கன்னு கேக்குறாரு."

நல்லதாக ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மனைவியைக் கண்ணில் வைத்துக் காப்பேன், உழைப்பேன், வரி கட்டுவேன். "இந்த மொட்டையன் யாருன்னு பாப்பேங்க" என்றார் சாவிக்காரர்.

முத்திரை விழுந்தது. பாஸ்போர்ட்டை அதிகாரி தன் பக்கமே வைத்துக்கொண்டார். "விசா குடுத்துட்டாரு. பாஸ்போர்ட்டுல ஒட்டி அனுப்புவாங்க" என்றாள் பெண், சிரிப்பை அடக்க முடியாமல். "பொய்யா கல்யாணம் பண்ணினவங்க யாரும் இந்தக் கண்ணாடிய இப்படி அடிச்சதில்லையாம்."

வெளியே வந்தவரின் முகத்தைப் பார்த்து அக்கா எழுந்துவிட்டாள். "போச்சா?"

"கிடைச்சுடுச்சு."

"அப்புறம் ஏன்டா எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி நிக்கிறே?"

சொன்னார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தி அடங்கவில்லை. நிழற்குடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சொல்லிக் குடுத்ததே நான்தான்டா! போறதுக்கு முந்தின நாளு அவகிட்ட சொன்னேன். 'இவன்கிட்ட ஆம்பள பேச்சையே எடுக்காதடி, எவன் வந்தாலும் சேலையக் கட்டிவிட்டு அனுப்பு'ன்னு. பாவி, தபால்காரன் வரைக்கும் கட்டிவிட்டிருக்கா!"

"நீயுமா அக்கா?"

"ஆமா, நானுந்தான். வேற என்னடா செய்யச் சொல்றே? உண்மையச் சொன்னா நீ தாங்குவியா? அவளாவது அங்க நிம்மதியா வேலை பாக்கட்டும்னு சொன்னேன். தப்புன்னா அந்தக் கண்ணாடிய அடிச்ச மாதிரி என்னையும் அடி."

இடுப்பில் இருந்த கைபேசி அடித்தது. அக்கா எடுத்து நீட்டினாள்.

"என்னங்க ஆச்சு?" மனைவியின் குரல் மெலிந்திருந்தது.

"கிடைச்சுடுச்சு." பிறகு, "போட்டோ பாத்தேன்."

"எந்தப் போட்டோ?"

"உங்க ஊரு ஆம்பளைங்க போட்டோ."

மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. சாவிக்காரர் அதைக் கூர்ந்து கேட்டார். ஒரே ஒரு மூச்சுதான்.

"கோவமா?"

"ஆமா."

"வருவீங்கல்ல?"

"வராம?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். உறிஞ்சிய மூக்கோடு சிரித்தாள். "அப்ப வரும்போது அவங்களுக்கு ஏதாவது வாங்கிட்டு வாங்க. ஆறு பேரும் உங்களைப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"ஆறா? போட்டோவுல நாலு பேருதானே இருந்தானுங்க!"

"ஒருத்தர் போட்டோ எடுத்தாரு."

"ஆறாவது எவன்?"

"வந்து பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

நிழற்குடையை ஒட்டி ஒரு துணிக்கடை இருந்தது. அக்கா வேண்டாம் என்று சொல்லும் முன்னே சாவிக்காரர் படியேறிவிட்டார். ஆம்பளைங்களுக்குக் கொடுக்கிற மாதிரி ஏதாவது காட்டச் சொன்னார். கடைக்காரர் சென்ட் பாட்டிலைக் காட்டினார். "வாசனை வேணாம்." பூப்போட்ட டைகளைக் காட்டினார். "வேணாம்." கறுப்பு மப்ளரை எடுத்துத் தன் கழுத்திலேயே சுற்றி, "இதப் போட்டா எந்தக் கிழவனும் பத்து வயசு கொறஞ்சு தெரிவான் சார்" என்றார்.

"அதத்தான் வேணாம்னு சொல்றேன். போட்டா யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது. அந்த மாதிரி என்ன இருக்கு?"

"சாக்ஸ்தான் இருக்கு."

நீலம் இருந்தது, சாம்பல் இருந்தது, ஓரத்தில் கோடு போட்டது இருந்தது. சாவிக்காரர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அடித்தட்டில் விலை போகாமல் கிடந்த சேற்று நிறத்தை எடுத்தார். ஐந்து ஜோடியை எண்ணி வைத்தார். ஆறாவதுக்கு மட்டும் இன்னும் மங்கலாக இருக்கிறதா என்று கட்டுக்கு அடியில் கைவிட்டுத் தேடினார்.

"எடுக்கிறதுதான் எடுக்கிறே, நல்ல நிறமா எடேன்டா" என்றாள் அக்கா.

"கால்ல போடுறதுக்கு இது போதும்."

பேரம் பேசாமல் கொடுத்தார். ஆறு ஜோடி, இருபது சாவி வெட்டுகிற கூலி.